எந்தப் புதூருங்க?

போன தை மாதம் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பத்திரிகையிலேயே கியூஆர் கோடு அச்சடித்திருந்தார்கள். “போனைக் காட்டினாப் போதுமுங்க, அதுவே மண்டபத்து வாசல்ல கொண்டாந்து விட்டுரும்” என்று பத்திரிகை வைக்க வந்தவர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால், பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவிய மஞ்சளில் ஒரு மூலை சரியாக அந்தக் கட்டத்தின் மேலேயே விழுந்திருந்தது. பெரியப்பாவின் போன் அதைப் படிக்க மறுத்துவிட்டது.

“ஊரு பேருதான் தெரியுமே, அதைத் தட்டுனாப் போச்சு” என்று புதூர் என்று தட்டினார். வழி வந்தது. கார் போனது. மண்டபமும் வந்தது. வாழைமரம், சீரியல் பல்பு, வாசலில் பன்னீர், சந்தனம் எல்லாம் இருந்தன. பெரியப்பா ஜூஸ் குடித்தார். பெரியம்மா தலையில் பூ வைத்துக்கொண்டார். மொய் எழுதும் மேஜையில் பணத்தை நீட்டும்போதுதான், சுற்றி ஒரு முகம்கூடத் தெரிந்த முகமாக இல்லையே என்று அவருக்கு உறைத்தது. மெதுவாகக் குனிந்து கேட்டிருக்கிறார்: “ஏனுங்க, இது எந்தப் புதூருங்க?”

கொங்கு நாட்டில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு பாளையத்திலோ, வலசிலோ, புதூரிலோதான் விழும். முன்னால் ஒரு அடைமொழி இருந்தால்தான் பிழைத்தோம். எங்கள் கல்யாணப் புதூர் தாராபுரம் பக்கம். அவர்கள் போய் இறங்கியது பொள்ளாச்சிப் பக்கம். தாலி கட்டி முடித்து, பந்தியில் மூன்றாவது வரிசை எழுந்த பிறகு வந்து சேர்ந்தார்கள்.

அன்று மண்டபத்துத் திண்ணையில் போனைத் திட்டிக்கொண்டிருந்த பெரியப்பாவிடம் என் அக்கா மகன் சொன்னான்: “போன் மேல தப்பு இல்லைங்க தாத்தா. அந்த ஊரு பேரை யாரோ அரைகுறையா எழுதி வெச்சிருக்காங்க. நாமளே திருத்திடலாம்.”

பையன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். எதையும் திருத்திவிடலாம் என்று நம்புகிற வயசு. நான் சிரித்தேன். ஆனால், அடுத்த வாரமே அவனோடு சேர்ந்து நானும் வரைபடம் வரைய உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

அவன் எனக்குக் காட்டியது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். விக்கிபீடியாவில் யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதலாம் இல்லையா, அதுபோல இதில் யார் வேண்டுமானாலும் ஊரை வரையலாம். 2004ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது. அந்த நாட்டில் அப்போது அரசு நில அளவைத் துறையின் வரைபடத் தரவு வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். நம் தெருவை நாமே வரைந்துகொள்ளலாமே என்று ஆரம்பித்தார்கள். இன்று கணக்குத் தொடங்கியவர்கள் மட்டும் ஒரு கோடிக்கு மேல். உங்களுக்குத் தெரியாமலே நீங்களும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஃபேஸ்புக், ஆப்பிள், அமேசான் போன்ற பெரிய நிறுவனங்களும் தங்கள் வரைபடங்களுக்கு இதிலிருந்து தரவு எடுத்துக்கொள்கின்றன.

வரைவது சுலபம். செயற்கைக்கோள் படம் கீழே தெரியும். அதன்மேல் புள்ளி வைக்கலாம், கோடு இழுக்கலாம். கோட்டைக் கொண்டுபோய் தொடங்கிய இடத்திலேயே முடித்தால் ஒரு பரப்பு கிடைத்துவிடும். ரோடும் கோடுதான், ஓடையும் கோடுதான், ஊரும் வெறும் புள்ளிதான். எது என்ன என்று சொல்வது அதன்மேல் ஒட்டுகிற சீட்டு. டேக் என்கிறார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே விரலியா கிழங்கா என்று சீட்டு சொன்னால்தான் வியாபாரம் நடக்கும். அந்த மாதிரி.

சீட்டில் இரண்டு பகுதி. இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் பதில். ‘அமெனிட்டி = ஸ்கூல்’ என்றால் பள்ளிக்கூடம். ‘ஹைவே = ரெசிடென்ஷியல்’ என்றால் குடியிருப்புத் தெரு. ஆமாம், ஒற்றையடிப் பாதையாக இருந்தாலும் இந்த வரைபடத்தில் அது ‘ஹைவே’தான். பிறந்த இடம் இங்கிலாந்து என்பதால் சீட்டு முழுக்க அந்த ஊர் இங்கிலீஷ்.

அங்கேதான் நம் ஆட்களுக்கு வழுக்குகிறது. ‘அன்கிளாசிஃபைடு’ என்று ஒரு ரோட்டு வகை இருக்கிறது. என்ன ரோடு என்று தெரியாவிட்டால் இதைப் போட வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. ஊருக்கு ஊர் இணைக்கும் சின்னப் பொதுச் சாலைக்கு அந்த நாட்டில் அப்படிப் பெயர். நம் ஊராட்சி ஒன்றியச் சாலைகள் பெரும்பாலும் அந்த வகைதான். தெரியாத ரோட்டுக்கு எல்லாம் இதைப் போட்டால், வழி சொல்லும் செயலி அதை நல்ல ரோடு என்று நம்பி லாரியை அனுப்பும்.

பேக்கரி சமாச்சாரம் இன்னும் தமாஷ். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் இருக்கும் பேக்கரிக்கு நான் ‘ஷாப் = பேக்கரி’ என்று சீட்டு ஒட்டினேன். அக்கா மகன் ஒத்துக்கொள்ளவில்லை. “மாமா, அந்தச் சீட்டுக்கு அர்த்தம் ரொட்டி சுட்டு விக்கிற கடை. ஜெர்மன்காரன் ஒருத்தன் காலையில ரொட்டி வாங்கலாம்னு வந்தான்னு வைங்க, நின்னுக்கிட்டே டீயும் பப்ஸும் சாப்பிடற கூட்டத்தைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிருவான். இது கஃபே.” கோயம்புத்தூர்க்காரனிடம் வந்து பேக்கரி என்றால் டீக்கடை இல்லை என்று சொல்வதா? போர்டில் பேக்கரி என்றுதானே எழுதியிருக்கிறது? விவாதம் முடியாமல் அப்படியே விட்டோம்.

ஆனால், இட்டேரியில் நான் செய்தது தமாஷ் இல்லை.

இட்டேரி தெரியாத சென்னை வாசகர்களுக்காக: இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இருபக்கமும் உயிர்வேலியோடு போகும் தடம். கிளுவையும் கள்ளியும் பின்னி வளர்ந்திருக்கும். மேலே பிரண்டையும் கோவைக்கொடியும் ஏறியிருக்கும். மாட்டுவண்டி போகும், ஆடு போகும், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போகும். கௌதாரி குறுக்கே ஓடும். மழை பெய்தால் அதுவே வாய்க்கால். சின்ன வயசில் எங்கள் அப்புச்சி தோட்டத்துச் சாளைக்குப் போக அதுதான் வழி. விடுமுறை என்றாலே எனக்கு அந்தத் தடத்தின் புழுதிதான் ஞாபகம்.

பாசத்தோடு அந்த இட்டேரியை வளைவுக்கு வளைவு வரைந்தேன். முடித்ததும் ‘ரெசிடென்ஷியல்’ என்று சீட்டு. மனிதர்கள் குடியிருக்கும் சாளைக்குத்தானே போகிறது? இரண்டு நாள் கழித்து ஒரு செய்தி வந்தது. முகம் தெரியாத ஒரு வரைபடக்காரர் ரொம்பத் தன்மையாகக் கேட்டிருந்தார்: ‘படத்தில் அகலம் குறைவாகத் தெரிகிறதே, இந்த வழியில் கார் போகுமா?’

போகாது. பாதித் தூரம் போய் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. கதவைத் திறந்தால் கள்ளி முள். நான் ஒட்டிய சீட்டை நம்பி ராத்திரியில் ஒரு ஆம்புலன்ஸ் அதற்குள் நுழைந்திருந்தால்? நல்லவேளை, அப்படி எதுவும் நடப்பதற்குள் ஒருவர் பார்த்தார். இப்போது அது ‘டிராக்’, அதாவது வயல் வண்டித்தடம். இரண்டு ஓரத்திலும் ‘பேரியர் = ஹெட்ஜ்’, உயிர்வேலி. அகலத்தையும் டேப் பிடித்து அளந்து எழுதியிருக்கிறோம்.

இது போதுமா என்றால், போதாது. டிராக் என்றால் உலகத்தில் எந்த வண்டித்தடமாகவும் இருக்கலாம். குதிரையில் போகிற பாதைக்கு இங்கிலாந்துக்காரன் ‘பிரைடில்வே’ என்று தனிச் சீட்டே வைத்திருக்கிறான். அவன் ஊரில் குதிரைப் பாதை இருந்தது, வைத்தான். வேலியில் ஆள் தாண்டுகிற படிக்கு ‘ஸ்டைல்’ என்று தனிச் சீட்டு. ஆள் மட்டும் நுழைகிற மாதிரி, மாடு நுழையாத மாதிரி வேலியில் விடும் வழியை நாம் கடவு என்போமே, கிட்டத்தட்ட அதேதான். இட்டேரிக்கு மட்டும் இல்லை. ஏன் இல்லை? நாம் யாரும் போய்ச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இந்த வரைபடத்தில் புதுச் சீட்டு உண்டாக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். எந்தச் சீட்டை உலகம் முழுக்க எத்தனை தடவை ஒட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிக் காட்ட ‘டேக்இன்ஃபோ’ என்று ஒரு தளமே இருக்கிறது. நாலு பேர் ஒரே மாதிரி ஒட்டி, விளக்கமும் எழுதி வைத்தால் அது வழக்கமாகிவிடும். ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டலில் ஒட்டினால் குப்பையாகிவிடும். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொற்களைச் சேர்த்து அகராதியே போட்டிருக்கிறார். சொற்களுக்குப் பஞ்சமில்லை, ஒட்டத்தான் ஆளில்லை.

சரி, கொரங்காட்டைப் பாருங்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் மாடுகள் வளர்ந்ததே இந்தக் காடுகளில்தான். மழை பார்த்து, புல் பார்த்து, மாட்டை எப்போது எந்தக் காட்டில் விடுவது என்று கணக்குப் போட்டுத் தலைமுறை தலைமுறையாகப் பராமரிக்கிறார்கள். ஆனால், சித்திரை வெயிலில் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அது எப்படித் தெரியும்? காய்ந்த மண், நாலு முள்மரம். எங்கோ உட்கார்ந்து பார்க்கிற ஒருவர் ‘ஸ்க்ரப்’ என்று ஒட்டிவிடுவார், புதர் மண்டிய தரிசு என்று. எங்கள் சித்தியின் கொரங்காடு அப்படித்தான் இருந்தது. அவர்கள் வீட்டில் சொன்னதும் சித்தி சண்டைக்கே வந்துவிட்டார்: “தரிசுன்னு எழுதி வெச்சா, நாளைக்கு எவனாவது சும்மாதானே கிடக்குதுன்னு கேட்டுக்கிட்டு வரமாட்டானா?” சித்தியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சும்மா கிடக்கிறது என்று காகிதத்தில் ஏறிய நிலத்துக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இப்போது ‘மெடோ’ என்றும் அதற்குள் ‘பாஸ்ச்சர்’ என்றும் மாற்றியிருக்கிறோம், மேய்ச்சல் புல்வெளி என்று அர்த்தம். பக்கத்தில் கொரங்காடு என்று தமிழிலும் குறிப்பு.

இந்த மாதிரித் தப்புகளை இயந்திரம் திருத்தாது, சில சமயம் கூட்டும். ஃபேஸ்புக் நிறுவனம் சில வருடங்களாகச் செயற்கை நுண்ணறிவை வைத்துப் படத்திலிருந்து ரோடுகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. ஆளே வரையாத பகுதிகளில் அது பெரிய உதவி. ஆனால், பத்து மாதம் காய்ந்து கிடக்கும் பள்ளத்தில் டிவிஎஸ் ஃபிஃப்டி ஓடிய தடம் இருந்தால், மேலிருந்து பார்க்கிற கண்ணுக்கு அது மண்ரோடு. ஐப்பசி மழையில் அங்கே இடுப்பளவுத் தண்ணீர் போகும் என்று பக்கத்துத் தோட்டத்து ஆத்தாவுக்குத்தான் தெரியும். ஓடை என்று போட்டு, ‘இன்டர்மிட்டன்ட் = யெஸ்’ என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதும், எப்போதும் தண்ணீர் இருக்காது என்று அர்த்தம். தரைப்பாலத்துக்கு ‘ஃபோர்டு’ என்று ஒன்று இருக்கிறது. வெள்ளம் ஏறும் ரோட்டுக்கு ‘ஃப்ளட் ப்ரோன்’.

2015 சென்னை வெள்ளத்தில் இந்தத் தரவின் மதிப்பு தெரிந்தது. ஏற்கெனவே தன்னார்வலர்கள் வரைந்து வைத்திருந்த தெருக்களின் மேல், எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்களே தொட்டுக் குறிக்கும்படி ஒரு வரைபடத்தைச் சில நாளில் போட்டார்கள். தெருக்கள் முன்பே ஒழுங்காக வரையப்படாமல் இருந்திருந்தால் எதைத் தொட்டுக் குறிப்பது? கேரள அரசு 2018 வெள்ளத்துக்குப் பிறகு ‘மேப்பத்தான் கேரளம்’ என்று மக்களைக் கூப்பிட்டே ஊர் ஊராக வரைய வைத்தது.

கோவைக்குள்ளேயும் வேலை நிறைய. மழை வந்தால் லங்கா கார்னர் பாலமும் கிக்கானி பாலமும் என்ன ஆகும் என்று உள்ளூர்க்காரருக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால், வெளியூர் டிரைவருக்கு யார் சொல்வது? ரயில்வே பாலத்தின் உயரத்தை ‘மேக்ஸ்ஹைட்’ என்ற சீட்டில் மீட்டரில் எழுதி வைத்தால், லாரிக்கு வழி சொல்லும் செயலி வேறு வழியாக அனுப்பும். 2025 அக்டோபரில் அவினாசி சாலையில் 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் திறந்தார்களே, அதற்கும் ஒரு நுட்பம் இருக்கிறது. மேலே போகிற ரோட்டுக்கு ‘பிரிட்ஜ்’ என்றும், எந்த அடுக்கில் இருக்கிறது என்று ‘லேயர் = 1’ என்றும் எழுதவேண்டும். ஏறும் இடம் இறங்கும் இடம் தவிர வேறு எங்கும் கீழ் ரோட்டோடு புள்ளி சேரக் கூடாது. சேர்ந்துவிட்டால், லட்சுமி மில்ஸுக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்று போன் சொல்லும்.

சேலம் - கொச்சி சாலையை இன்றைக்கும் பெரியவர்கள் என்.எச். 47 என்றுதான் சொல்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2010ல் எண் மாற்றியபோது அது 544 ஆனது. வரைபடத்தில் இரண்டுக்கும் இடம் உண்டு. புது எண் ‘ரெஃப்’ என்பதிலும், பழையது ‘ஓல்டு ரெஃப்’ என்பதிலும் இருக்கும். பழையதைத் தேடுகிறவருக்கும் ரோடு கிடைக்கும்.

பெயர்களுக்கும் அப்படித்தான். 2020 ஜூனில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். தமிழ் உச்சரிப்புப்படி இங்கிலீஷில் எழுதவேண்டும் என்று 1,018 ஊர்ப்பெயர்களை மாற்றி அரசாணை வெளிவந்தது. நம் ஊருக்கு வந்த எழுத்துக்கூட்டலைத் தமிழில் எழுதினால் ‘கோயம்புத்தூர்’ என்பதேதான், இங்கிலீஷில் பார்த்தால்தான் மூச்சுமுட்டும். இது எப்படி, அது எப்படி என்று ஊர் ஊராகக் கேள்வி வர, அதே மாதத்திலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான் எழுதமுடியும் என்கிறபோது இந்தச் சண்டை வரும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இங்கிலீஷ் பெயருக்கு ஒரு சீட்டு, தமிழ்ப் பெயருக்கு ஒரு சீட்டு, கோவை என்கிற செல்லப் பெயருக்கு ஒரு சீட்டு, பழைய பெயருக்கு ஒரு சீட்டு. நாம் போனைத் தமிழில் வைத்திருந்தால், தமிழ்ச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டும் செயலிகள் இருக்கின்றன.

தமிழ்ச் சீட்டு காலியாக இருந்தால்தான் வம்பு. இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து இயந்திரம் தமிழில் யூகிக்கும். இங்கிலீஷில் இருப்பது ஒரே ‘எல்’. நமக்கு ல, ள, ழ மூன்றும் வேண்டும். பல்லடம் பள்ளடம் ஆகும். பீளமேடு பீலமேடு ஆகும். பூளைப்பூ பூத்துக்கிடந்த மேடுதான் பீளமேடு ஆனது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பொங்கலுக்குக் காப்புக்கட்ட பூளைப்பூ தேடுகிற கொங்குக்காரர்களுக்கு அந்த ளகரம் முக்கியம்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றால் விஷமம் செய்யமாட்டார்களா? செய்வார்கள். 2018 ஆகஸ்டில் நியூயார்க் நகரத்தின் பெயரையே ஒருவர் யூதர்கள் மேல் வெறுப்பைக் கக்கும் சொல்லாக மாற்றிவிட்டார். இங்கே உடனே திருத்திவிட்டார்கள். ஆனால், இதிலிருந்து தரவு எடுத்த நிறுவனத்தின் வழியாக அது பல செயலிகளில் போய்த் தெரிந்து பெரிய செய்தியானது. போக்கிமான் கோ விளையாட்டு இந்த வரைபடத்துக்கு மாறியபோது, வீட்டுக்குப் பக்கத்தில் போக்கிமான் வரவேண்டும் என்று இல்லாத பூங்காக்களை வரைந்த பிள்ளைகளும் உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று எல்லாமே பதிவாகிறது. அதனால் பழையபடி திருப்பிவிடலாம். என் அனுபவத்தில் விஷமம் குறைவு, என்னைப் போன்ற அரைகுறைகள் செய்யும் தப்பு அதிகம். கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பி அடிக்கவும் கூடாது. போய்ப் பார், பலகையைப் படி, அங்கே இருப்பவரைக் கேள் என்பதுதான் முதல் விதி.

அந்த விதிதான் என்னை மாட்டிவிட்டது.

ஒரு மாதத்தில் எங்கள் ஊர் ஜம்மென்று வந்துவிட்டது. மாரியம்மன் கோயில், ஆலமரம், பால் சொசைட்டி, ரேஷன் கடை, இட்டேரிகள், சாளைகள். ஒன்றிரண்டு வீடு மட்டும் தனியாக இருக்கும் இடத்துக்கு ‘ஐசோலேட்டட் ட்வெல்லிங்’ என்று சீட்டு உண்டு, தோட்டத்துச் சாளைக்கு அச்சாகப் பொருந்தும். அதனால் எந்தச் சாளையும் விடுபடவில்லை. பெருமையாகப் பெரிய திரையில் போட்டு வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். பெரியப்பா, “இப்பத்தான்டா ஊரு ஊராட்டம் இருக்குது” என்றார்.

அக்கா மகன் மட்டும் ஊருக்குக் கிழக்கே விரலை வைத்தான். “மாமா, இங்க கூரை கூரையாத் தெரியுதே, இது என்னங்க?”

ரோட்டுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம். எழுபது எண்பது வீடு இருக்கும். பிறந்ததிலிருந்து நான் பார்க்கிற வீடுகள். எங்கள் தோட்டத்தில் களை எடுத்தவர்கள், தேங்காய் போட்டவர்கள் எல்லாம் அங்கேயிருந்துதான் வந்தார்கள். ஒற்றைச் சாளைக்கெல்லாம் பெயர் எழுதிய நான், அங்கே ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. “அது காலனிடா” என்றேன். சொல்லும்போதே தொண்டையில் ஏதோ சிக்கியது. 2025 ஏப்ரலில்தான் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்திருந்தார். ஆவணத்தில் நீக்கியதைப் பற்றி அப்போது இதே பகுதியில் பாராட்டி எழுதியவன் நான்.

“காலனின்னா? ஊரு பேரு என்னங்க மாமா?”

தெரியாது. ஐம்பது வருஷமாகக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரின் பெயர் எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம். நுழையும் இடத்திலேயே பலகை இருந்தது. வெயிலில் வெளிறியிருந்தாலும் படிக்க முடிந்தது. நகர் என்று முடிகிற நல்ல பெயர். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார்: “பட்டா குடுத்த வருசம் நாங்களே கூடிப் பேசி வெச்ச பேருங்க. ஆனா ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணா அந்தப் பேரைச் சொல்றதில்லைங்க. சொன்னா அவங்களுக்குக் கிடைக்கிறதில்லை. உங்க ஊரு பேரைச் சொல்லிப்போட்டு, ஒருத்தரை ஓடிப்போயி மெயின் ரோட்டுல நிக்கச் சொல்லுவோம். போன மழையில என்ர மருமகளைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு ரோட்டு வரைக்கும் வந்தோமுங்க. வண்டி உங்க கோயில் வாசல்ல போயி நின்னுக்கிட்டு இருந்துச்சு.”

மருமகளும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். உள்ளே தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

அக்கா மகன் போனை எடுத்தான். தமிழ்ப் பெயர்ச் சீட்டில் எழுத்துக்கூட்டல் சரியா என்று அங்கே நின்ற பெண் பிள்ளையிடம் காட்டினான். பிளஸ் டூ படிக்கிறது. வாங்கிப் பார்த்துவிட்டு, “நடுவுல ஒற்று விட்டுட்டீங்கண்ணா” என்று அதுவே திருத்தியது. என்ன செயலி, எப்படி இறக்குவது என்று கேட்டது. ‘ஸ்ட்ரீட்கம்ப்ளீட்’ என்று ஆண்ட்ராய்டில் ஒன்று இருக்கிறது. நடந்து போகும்போதே, ‘இந்த ரோடு தாரா மண்ணா? இந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா?’ என்று கேள்வி கேட்கும், பதிலைத் தொட்டால் போதும், சீட்டு தானாக ஒட்டிக்கொள்ளும். அதை இறக்கிக் கொடுத்தான். புதிதாகப் புள்ளி வைக்கும் பக்கத்தையும் காட்டினான். ஆட்களின் பெயரையும் போன் நம்பரையும் எங்கேயும் போடக்கூடாது என்று மட்டும் நான் சொன்னேன். “அதெல்லாம் தெரியுமுங்க” என்றது.

மூன்று வாரம் ஆகிறது. நேற்று ராத்திரி திறந்து பார்த்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தெருக்கள் வந்துவிட்டன. அங்கன்வாடி, மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம், படிக்கட்டுக் கிணறு, எரியாத தெருவிளக்குகள்கூட எரியாது என்று குறிப்போடு. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வண்டி வரும் வழி, அகலத்தோடு.

எங்கள் பக்கத்திலும் ஒரே ஒரு மாற்றம் தெரிந்தது. பஸ் ஸ்டாப் பேக்கரிக்கு நான் ஒட்டிய சீட்டைக் காணோம். ‘கஃபே’ என்று மாறியிருந்தது. மாற்றியதற்கான காரணம் என்ற இடத்தில் தமிழில் எழுதியிருந்தது: ‘இங்கே ரொட்டி சுடுவதில்லை. டீ நன்றாக இருக்கும்.’